சர்க்கரை நோயும் தானாக இயங்கும் நரம்புகளும்: என்ன கெடுகிறது, எப்படிச் சமாளிப்பது?

சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்படும் என்றால் பெரும்பாலோருக்கு நினைவு வருவது கால் எரிச்சலும் மதமதப்பும்தான். செருப்பு கழன்று போனது தெரியவில்லை, பாதத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறது என்பதெல்லாம் உணர்வு நரம்புகளின் புகார்கள். இன்னொரு வகை நரம்புகளும் உண்டு. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், செரிமானம், சிறுநீர், வியர்வை எல்லாவற்றையும் நம்மைக் கேட்காமலே நடத்துபவை அவை. அவையும் சர்க்கரையால் கெடும். ஆனால் கெட்டது நரம்பு என்று யாருக்கும் தோன்றாது.

எழுந்ததும் கிறுகிறுப்பா, பித்தம் என்போம். இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டதா, வாயு. நடுராத்திரியில் பேதியா, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. சிறுநீர் முழுதாகப் போகவில்லையா, வயதாகிவிட்டது. நான்கு புகாருக்கு நான்கு மருத்துவர், நான்கு மருந்துச் சீட்டு என்று ஆண்டுகள் ஓடிவிடும். நான்கிற்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்ற சந்தேகமே வராது.

## மோட்டார் சரி, கம்பிதான் போச்சு

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் மாட்டிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தொட்டிக்குள் தொங்கும் சென்சார் கம்பி, தண்ணீர் குறைந்ததும் கீழே சேதி அனுப்பும், மோட்டார் ஓடும். நிரம்பியதும் நின்றுவிடும். அந்தக் கம்பியை எலி கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் பழுதில்லை, தொட்டியில் ஓட்டையில்லை. ஆனாலும் ஒருநாள் குழாயில் தண்ணீர் வராது, இன்னொருநாள் தொட்டி நிரம்பி வழியும். கம்பியை மாற்றும்வரை வீட்டில் யாராவது மணி பார்த்து ஸ்விட்ச் போட்டாக வேண்டும்.

உடலில் அந்தக் கம்பிகளின் தொகுப்புக்குத் தானியங்கி நரம்பு மண்டலம் என்று பெயர். அதில் இரண்டு பிரிவுகள். உடலை வேலைக்குத் தயாராக்கும் பிரிவு பரிவு நரம்புகள்: துடிப்பைக் கூட்டும், ரத்தக் குழாயைச் சுருக்கும், வியர்வையைச் சுரக்க வைக்கும். ஓய்வையும் செரிமானத்தையும் பார்த்துக்கொள்ளும் பிரிவு எதிர்ப்பரிவு நரம்புகள். இந்த இரண்டாவது பிரிவில் முக்கியமானது வேகஸ் நரம்பு. மூளையின் அடிப்பகுதியில் புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயத்தையும் இரைப்பையையும் தொட்டுக் குடலின் பெரும்பகுதிவரை போகிறது.

நரம்பிழைக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் தேவையில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இழைக்குள்ளும் ஏறும். மிஞ்சிய சர்க்கரை சார்பிடால் என்ற பொருளாக மாறி அங்கேயே தேங்கி இழையை நலியச் செய்கிறது. நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மயிரிழைக் குழாய்களும் தடித்து அடைபடுகின்றன. நீளமான நரம்புகளும், மேலுறை இல்லாத மெல்லிய இழைகளும் முதலில் அடிவாங்கும். வேகஸ் மிக நீளமானது என்பதால் அதன் பாதிப்பு சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. இதயத் துடிப்பை இழுத்துப் பிடிக்கும் வேலை வேகஸுடையது. அந்தப் பிடி தளர்ந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 90, 100 என்று ஓடும்.

இதுவரை சொன்னதில் மனதில் வைக்க வேண்டியது இது: உறுப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, சேதிதான் போய்ச் சேரவில்லை. அதனால் உடல் தானாகச் செய்துவந்ததை இனி நேரம் பார்த்தும், கருவியில் அளந்தும் நாம் செய்ய வேண்டியிருக்கிறது. கீழே வரும் எல்லா யோசனைகளும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

## எழுந்தால் ஏன் கண் இருட்டுகிறது?

படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடும். பரிவு நரம்புகள் உடனே கால், வயிற்று ரத்தக் குழாய்களைச் சுருக்கி, துடிப்பையும் கொஞ்சம் கூட்டி, மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. இந்த நரம்புகள் பழுதானால் அழுத்தம் சரியும். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதற்கு நிலைமாற்றத் தாழ் அழுத்தம் என்று பெயர். கண் இருட்டும், பிடரியிலிருந்து தோள்வரை வலிக்கும், கால் துவளும். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் நேரடியாக விழுவதில்தான் தெரியவரும்.

வீட்டில் டிஜிட்டல் பிரஷர் கருவி இருந்தால் நீங்களே பார்க்கலாம். காலையில், மாத்திரைக்கு முன், 5 நிமிடம் படுத்திருந்து அளவெடுங்கள். எழுந்து நின்று 1ஆம் நிமிடத்திலும் 3ஆம் நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்; கருவி கட்டிய கை இதய மட்டத்தில் இருக்கட்டும். கையைத் தொங்கவிட்டு எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டி, உண்மையான சரிவை மறைத்துவிடும்.

இப்படி ஓர் அளவு வந்தது என்று கொள்வோம்: படுத்திருக்கையில் 152/84, நாடி 88. நின்று 3ஆம் நிமிடத்தில் 118/70, நாடி 91. மேல் அளவு 34 இறங்கியிருக்கிறது, நாடியோ 3தான் ஏறியிருக்கிறது. தண்ணீர்ச் சத்து குறைந்ததால் அழுத்தம் இறங்கியிருந்தால் நாடி விரைந்திருக்கும். நாடியின் ஏற்றத்தை அழுத்தத்தின் இறக்கத்தால் வகுத்தால் 0.5க்குக் கீழே வருவது நரம்புப் பழுதின் பக்கம் கைகாட்டும். இங்கே வருவது 0.1கூட இல்லை. நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

மேலே சொன்ன அதே ஆளை உட்காரவைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் அளவு கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும். பிரஷர் மாத்திரையைக் கூட்டுவார்கள். அடுத்த வாரம் குளியலறையில் விழுவார். வயதானவர்களின் இடுப்பெலும்பு முறிவுகளில் சில இப்படி வருபவைதான். “நிற்க வைத்தும் ஒருமுறை பாருங்கள் டாக்டர்” என்று கேட்பதில் தவறே இல்லை.

மாத்திரை டப்பாவையும் ஒருமுறை கொட்டிப் பார்க்க வேண்டும். புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், பிரஷருக்குத் தரும் பிரசோசின், நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள், கால் எரிச்சலுக்கே எழுதப்படும் அமிட்ரிப்டிலின், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை ஆகிய எல்லாமே நிற்கும்போது அழுத்தத்தை இன்னும் இறக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். வேளையை மாற்றுவதோ அளவைக் குறைப்பதோ பல நேரம் போதுமானதாக இருக்கும்.

அன்றாடத்தில் உதவுபவை:

- எழும்போது மூன்று கட்டமாக எழுங்கள். படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் 20 முறை ஆட்டி, பிறகு கட்டில் ஓரத்தில் 2 நிமிடம் உட்கார்ந்து, கட்டிலைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்று, அதன்பின் நடக்கலாம்.
- காலையில் எழுமுன் அரை லிட்டர் வெறும் தண்ணீரை 5 நிமிடத்துக்குள் குடித்தால் அழுத்தம் ஏறும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கும். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருந்து தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டவர்களுக்கு இது ஆகாது.
- கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 4 முதல் 8 அங்குலக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்குவதால் பயனில்லை, கழுத்துதான் வளையும். உடல் முழுதும் சரிவாக இருந்தால் இரவில் சிறுநீராக உப்பும் நீரும் வெளியேறுவது குறையும், காலைக் கிறுகிறுப்பும் குறையும்.
- வரிசையில் நிற்க நேர்ந்தால் கால்களைக் குறுக்கே பின்னித் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள். கண் இருட்டத் தொடங்கினால் வெட்கம் பார்க்காமல் குந்திவிடுங்கள்.
- இறுக்கமான காலுறை என்றால் முழங்கால்வரை உள்ளது போதாது, இடுப்புவரை வேண்டும். வயிற்றுக்கு மட்டும் பெல்ட் கட்டினாலும் நல்ல பலன் உண்டு. எழுமுன் போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். கால் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் கேட்காமல் காலுறை போடக் கூடாது.

விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரமும், வெந்நீர்க் குளியலுக்குப் பின்னும், மதுவுக்குப் பின்னும் அழுத்தம் கூடுதலாக இறங்கும். இரவில் சிறுநீர் கழிக்க ஆண்களும் உட்கார்ந்துகொள்வது நல்லது.

இதெல்லாம் போதாதபோது அழுத்தத்தை ஏற்றும் மிடோட்ரின் அல்லது ஃபுளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரை எழுதுவார்கள். இந்த நோயின் தொல்லையே, நின்றால் இறங்கும் அழுத்தம் படுத்தால் எகிறுவது. அதனால் மிடோட்ரினின் கடைசி வேளைக்கும் படுக்கைக்கும் இடையில் 4 மணி நேரமாவது இருக்க வேண்டும். அதைச் சாப்பிட்டுவிட்டுப் பகலில் நீட்டிப் படுப்பதும் கூடாது.

## இரைப்பை மெதுவாகும்போது இன்சுலின் முந்திக்கொள்ளும்

வேகஸ் நரம்பு இரைப்பையைக் கடைந்து, உணவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குடலுக்குத் தள்ளவைக்கிறது. அது தளர்ந்தால் உணவு மணிக்கணக்கில் இரைப்பையிலேயே கிடக்கும். இதை இரைப்பைத் தளர்வு என்கிறோம். மருந்துச் சீட்டில் காஸ்ட்ரோபரீசிஸ் என்றிருக்கும். சீக்கிரம் வயிறு நிறைவது, குமட்டல், மதியம் சாப்பிட்டது இரவு வாந்தியில் அப்படியே வருவது இதன் அடையாளங்கள். சிலருக்கு இவை எதுவும் இருக்காது, சர்க்கரை அளவு மட்டும் காரணமில்லாமல் ஏறி இறங்கும்.

எப்படி என்று பார்ப்போம். காலை 8 மணிக்கு 30/70 கலவை இன்சுலின் (வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது), 8.30க்கு நான்கு இட்லி. ஊசி மருந்து நேரப்படி வேலையை ஆரம்பித்துவிடுகிறது. இட்லியோ இரைப்பையைவிட்டு இறங்கவில்லை. 10 மணிக்கு சர்க்கரை 62, வியர்த்துக் கொட்டுகிறது. இனிப்பு கொடுத்துச் சமாளிக்கிறார்கள். ஒரு மணி சுமாருக்கு இட்லி குடலுக்குப் போய்ச் சேர, இன்சுலினின் வேகம் அடங்கியிருக்க, சர்க்கரை 280. “மருந்து பத்தவில்லை” என்று அடுத்த நாள் இரண்டு யூனிட் கூட்டுகிறார்கள். மறுநாள் 10 மணிக்கு 45.

தவறு அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேர அளவு மட்டும் போதாது. சில நாட்கள் சாப்பிட்ட 1, 2, 4 மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள், அல்லது கையில் ஒட்டும் சென்சாரை இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். அந்தத் தாளைப் பார்த்தால் மருத்துவர் ஊசியைச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றலாம், பிரித்துத் தரலாம், கலவை இன்சுலினுக்குப் பதில் வேறு முறைக்குப் போகலாம். செமாகுளுடைடு, லிராகுளுடைடு, டுலாகுளுடைடு ஊசிகள் இரைப்பையை இன்னும் மெதுவாக்கும் என்பதையும் அப்போது நினைவூட்டுங்கள்.

உறுதி செய்ய, முதலில் எண்டோஸ்கோப்பியில் அடைப்பு இல்லை என்று பார்ப்பார்கள். பிறகு மிகக் குறைந்த கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து 4 மணி நேரம் ஸ்கேன் எடுப்பார்கள். 4 மணி நேரம் கழித்தும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரைப்பையில் இருந்தால் தளர்வுதான். சோதனையன்று சர்க்கரை எகிறியிருந்தால் முடிவை நம்ப முடியாது; உயர் சர்க்கரையே நல்ல இரைப்பையையும் மந்தமாக்கும்.

சாப்பாட்டில் ஒரு முரண் வரும். “நார்ச்சத்து நிறையச் சாப்பிடு” என்றுதான் சர்க்கரை நோயாளிகளுக்கு இத்தனை வருடம் சொல்லி வந்தோம். இரைப்பைத் தளர்வு வந்தவர்களுக்கு அந்த அறிவுரை தலைகீழாகிறது. வாழைத்தண்டு, கீரைத் தண்டு, முருங்கைக்காய், தோலுடன் கொண்டைக்கடலை, ஆரஞ்சு சுளையின் தோல் போன்றவை இரைப்பையில் சிக்கி உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளக்கூடும். எண்ணெயும் இரைப்பையை நிறுத்திவைக்கும். பரோட்டா, வடை, பிரியாணி எல்லாம் இங்கே சேரும். மசித்த பாசிப்பருப்பு, குழைந்த சாதத்துடன் ரசம், இட்லி, இடியாப்பம், தோல் சீவி வேகவைத்து மசித்த காய், வடிகட்டிய சூப், மோர் ஆகியவை இறங்கும். குழைந்த சாதம் சர்க்கரையைச் சட்டென ஏற்றுமே என்றால், உண்மைதான். அதனால்தான் மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து, ஆறு சிறு வேளைகளாக உடைக்கச் சொல்கிறோம். ஒரு வேளைக்கு ஒரு சிறு கிண்ணம். சாப்பிட்டதும் படுக்காமல் மெதுவாக நடக்கலாம். தலைசுற்றலும் உள்ளவர்கள் உட்கார்ந்திருந்தால் போதும்.

இரைப்பையை இயக்கத் தரும் மருந்துகளில் மெட்டோகுளோப்ரமைடை 12 வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. முகமும் நாக்கும் தாமாக அசையும் கோளாறு நிரந்தரமாக வந்துவிடலாம். டாம்பெரிடோன் இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கக்கூடியது என்பதால் ஈசிஜி பார்த்துத்தான் தொடர வேண்டும். மருந்துக்கடையில் நாமே கேட்டு மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகள் அல்ல இவை. தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, வாந்தியில் ரத்தம் என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

## சர்க்கரை இறங்குவது தெரியாமல் போவது

சர்க்கரை 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். இந்த எச்சரிக்கையைக் கொடுப்பவை பரிவு நரம்புகளும் அட்ரினலினும். அவை மங்கினால் நடுக்கமும் வியர்வையும் இல்லாமல், நேராக உளறல், மயக்கம், வலிப்பு என்று போய்விடும். அடிக்கடி லோ சுகர் ஆவதாலும் எச்சரிக்கை மங்கும். இது நரம்புப் பழுதிலிருந்து வேறானது. சில வாரங்கள் ஒருமுறைகூட 70க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் ஓரளவு திரும்பி வரும்.

அறிகுறியை நம்ப முடியாதவர்கள் படுக்குமுன்னும் வண்டி எடுக்குமுன்னும் அளந்து பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவும். சாக்லேட், பால் வேண்டாம். அவற்றின் கொழுப்பு தாமதப்படுத்தும். மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சட்டென வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள்.

## சிறுநீர்ப்பை, குடல், வியர்வை

சிறுநீர்ப்பை நிரம்பியதை உணர்த்தும் சேதி வராவிட்டால் அது விரிந்துகொண்டே போகும். பிறகு முழுதாகச் சுருங்க வராது. தேங்கிய சிறுநீரில் கிருமி வளரும், தொற்று திரும்பத் திரும்ப வரும். முட்டாவிட்டாலும் பகலில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை போய்விடுங்கள். போனபின் ஒரு நிமிடம் நின்று மறுபடி முயன்றால் மிச்சம் வரும். கழித்த பிறகு ஸ்கேனில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்கலாம்; 50 மில்லிக்குள் இருந்தால் கவலையில்லை. மிக அதிகம் தேங்குபவர்களுக்கு மெல்லிய குழாயைத் தாமே செலுத்தி வடிக்கக் கற்றுத்தருவார்கள். கேட்கத்தான் பயமாக இருக்கும், பழகினால் சில நிமிட வேலை.

குடலில் மலச்சிக்கலும் வரும், வலியில்லாமல் இரவில் திடீரென வரும் தண்ணீர்ப் பேதியும் வரும். நரம்பைக் குறை சொல்லுமுன் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினையும், சார்பிடால் கலந்த ‘சுகர் ஃப்ரீ’ இனிப்புகளையும் சந்தேகிக்க வேண்டும்.

ஆண்களுக்கு விறைப்புக் குறைவும், விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போவதும், பெண்களுக்குப் பிறப்புறுப்பு வறட்சியும் இதே நரம்புகளால் வரலாம். லாட்ஜில் முகாம் போட்டு ‘நரம்புத் தளர்ச்சிக்கு’ லேகியம் விற்பவர்கள் குறிவைப்பது இந்தக் கூச்சத்தைத்தான். சர்க்கரை மருத்துவரிடமே சொல்லலாம். ஒன்று மட்டும் கவனம்: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில் வகையைத் தொடவே கூடாது, அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும்.

பாதம் வியர்க்காமல் வறண்டு வெடிக்கும். முகத்திலும் மார்பிலும் வியர்வை ஊற்றும், சிலருக்குச் சாப்பிட ஆரம்பித்தாலே முகம் நனையும். வெடிப்பு வழியே கிருமி போகாதிருக்க, குளித்ததும் பாதத்துக்கு மாய்ச்சரைசர் தடவுங்கள், விரல் இடுக்கை விட்டுவிட்டு. வியர்க்காத உடல் சூட்டைத் தணிக்க முடியாது என்பதால் அக்னி நட்சத்திர நாட்களில் நண்பகல் வெயில் இவர்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்து. கண்மணி இருட்டுக்கு மெதுவாகவே விரியும்; இரவில் வண்டி ஓட்டாமலிருப்பது நல்லது.

## வலிக்காத மாரடைப்பு

இதயத்தின் வலிச் சேதியும் இந்த வழியாகத்தான் போகிறது. அதனால் நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சுத் திணறல், காரணமில்லாத வியர்வை, வாந்தி, என்றுமில்லாத களைப்பு ஆகியவை வந்தால் கேஸ் என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் ஈசிஜி எடுங்கள். நடைப்பயிற்சியில் நாடி எண்ணிக்கையை இலக்காக வைக்க முடியாது. நாடி சரியாக ஏறாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

## பரிசோதனையும் சர்க்கரைக் கட்டுப்பாடும்

எடின்பரோவில் யூயிங், கிளார்க் என்ற மருத்துவர்கள் வகுத்து 1982இல் வெளியிட்ட ஐந்து எளிய சோதனைகள் இன்றும் பயன்படுகின்றன. அவற்றில் ஒன்று: ஈசிஜி ஓடும்போது நிமிடத்துக்கு 6 முறை ஆழமாக மூச்சு விடச் சொல்வார்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கூடும், விடும்போது குறையும். வித்தியாசம் நிமிடத்துக்கு 15 துடிப்பு அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது, 10 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் வேகஸ் பழுது. வயது கூடக்கூட இந்த அளவும் இயல்பாகக் குறையும்.

போன நரம்பிழைகள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. மேலும் போகாமல் தடுக்க முடியும். டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வில் இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகள் 160 பேரில், சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியவர்களுக்குத் தானியங்கி நரம்புப் பாதிப்பு குறைவாகவே முற்றியது. புகை பிடிப்பவர்கள் அதையும் விட வேண்டும். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்க்க வேண்டும். அந்தக் குறைபாடும் நரம்பைக் கெடுக்கும், ஊசியோ மாத்திரையோ போட்டால் சரியாகும்.

ஆனால் அவசரமும் ஆகாது. நெடுநாள் 12இல் இருந்த எச்பிஏ1சியை (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) மூன்று மாதத்தில் 7க்கு இறக்கினால் சிலருக்குக் கடும் கால் வலியும் கிறுகிறுப்பும் புதிதாகக் கிளம்பும். மூன்று மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் இறக்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது. வலி வந்ததும் “மருந்துதான் கெடுத்தது” என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நிறுத்த வேண்டாம், வேகத்தைக் குறைத்தால் போதும், பெரும்பாலும் மாதங்கள் போகப்போக அடங்கும்.

## அறுவை சிகிச்சை என்றால்

மயக்க மருந்து கொடுப்பவரிடம் மூன்று விஷயங்களைத் தவறாமல் சொல்லுங்கள்: வயிறு தாமதமாகக் காலியாகிறது, நின்றால் பிரஷர் இறங்குகிறது, ஓய்விலும் நாடி வேகமாக ஓடுகிறது. வழக்கமான 6 மணி நேரப் பட்டினி இவர்களுக்குப் போதாமல் போகலாம். மயக்கத்தில் இரைப்பையிலிருக்கும் உணவு மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. மயக்க மருந்து கொடுத்தவுடன் அழுத்தம் சடாரென விழுவதும் இவர்களிடம் அதிகம். முன்பே தெரிந்தால் அதற்கான மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்கள். இந்த மூன்றையும் படுத்து, நின்று எடுத்த பிரஷர் அளவுகளுடன் ஒரு தாளில் எழுதி மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துவிட்டால், அவசரத்தில் கூட்டிப்போகிறவர் யாராக இருந்தாலும் அதை நீட்டலாம்.